ஈயக்கா கேட்காத கிட்டார்

எங்கள் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஈயம் பற்றவைக்கிற அக்கா என்பது தேய்ந்து ஈயக்கா ஆகிவிட்டது. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். அதுதான் அவளுடைய உண்மையான பெயர் என்று நினைத்து ரசீதில் எழுதச் சொன்ன வாடிக்கையாளர்களும் உண்டு.

இசைக்கருவிகள் விற்கிற கடை. நான் முன்பக்கம் கவுன்டரில் நிற்பவள். பின்னறையில் ஜன்னலை ஒட்டி ஈயக்காவின் மேசை. எலக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, மைக், ஆம்ப் எது வாய் அடைத்துப் போனாலும் அந்த மேசைக்குத்தான் போகும். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் ஒன்பது வருடம் ஒரே மாதிரி இணைப்புகளைப் பற்றவைத்துக்கொண்டு இருந்தவள். அவளுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு குமிழைத் திருகும்போது வரும் கரகரப்பைக் கேட்டே உள்ளே எந்த இணைப்பு விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அவளுடைய வீட்டுக்காரரும் இந்தக் கடை வழியாகத்தான் வந்தார். பயணிகள் கப்பல் ஒன்றில் பாட்டுக்கு அடியில் கனமாக ஓடுகிற பேஸ் கிட்டார் வாசிக்க அவரை எடுத்திருந்தார்கள், ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டும். பழைய பேஸ் ஒன்றை யாரிடமோ விலைக்கு வாங்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். இரண்டு பிக்கப் உள்ள கிட்டார். பிக்கப் என்றால் ஒன்றுமில்லை, காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. ஸ்ட்ரிங் அதிர்வதை அதுதான் மின்சாரமாக்கி சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்புகிறது. ஒரு பிக்கப் கழுத்துப் பக்கம், ஒன்று வால் பக்கம். கழுத்துப் பக்கத்துச் சத்தம் உருண்டையாக இருக்கும், வால் பக்கத்துச் சத்தம் கறாராக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்யூம் குமிழ், இரண்டுக்கும் பொதுவாக டோனுக்கு ஒரு குமிழ்.

"ரெண்டு வால்யூம் இருக்குங்க. ஆனா ஒன்னைக் கொறைச்சா இன்னொன்னும் சேர்ந்து செத்துப் போகுது" என்றார் அவர்.

அக்கா மூடியைக் கழற்றிப் பார்த்தாள். "யாரோ உள்ளே வரவேண்டிய ஒயரையும் வெளியே போகவேண்டிய ஒயரையும் மாத்திப் போட்டிருக்கார். பத்து நிமிஷ வேலை. அப்படி உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கேபிள் செருகும் ஜாக் ஆடுகிறது என்று வந்தார். ஜாக் ஆடவில்லை. அதற்கு மறுநாள் வந்தபோது காரணமே சொல்லவில்லை. முதலாளி என்னிடம், "இவருக்கு ரிப்பேர் கிட்டார்ல இல்லம்மா" என்றார். கப்பல் கிளம்பியது. எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்த வாரமே பதிவு அலுவலகத்தில் கல்யாணம். எங்கள் கடை ஆட்கள்தான் சாட்சிக் கையெழுத்து. அன்றிலிருந்து எங்களுக்கு அவர் கப்பல்காரர்.

பதினோரு வருடம் அப்படி ஓடியது. வருடத்துக்கு எட்டு மாதம் கடல், நாலு மாதம் வீடு. சில வருடங்களில் ஒன்பதும் மூன்றும். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நாங்களும் கேட்டதில்லை.

கடலில் இருந்து தினமும் காலையில் ஒரு குரல் செய்தி வரும். அவருக்கு அங்கே நடுராத்திரி, வேலை முடிந்த நேரம், அவளுக்கு வேலை தொடங்குகிற நேரம். ஈயம் உருக்கும் சாலிடரிங் அயர்ன் சூடாவதற்கு ஆகிற நேரத்தில் அதைக் கேட்பாள். மற்ற கணவன்மார் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று கேட்பார்கள். இவரும் கேட்பார், ஆனால் கடைசியில். முதலில் சத்தத்தைப் பற்றி.

"நேத்து முன்னாடி பிக்கப்ல வாசிச்சேன். ஈரப் போர்வையைப் போத்திக்கிட்டுப் பேசற மாதிரி இருந்துச்சு. டோனைத் தொறந்தாலும் சரியா வரல."

"பின்னாடி பிக்கப் மட்டும் வச்சா சளி புடிச்சவன் மூக்கால பேசற மாதிரி வருது. பாட்டுக்காரி திரும்பிப் பார்க்கறா."

அந்த வார்த்தைகளை அக்கா ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். பக்கத்திலேயே சின்னதாக ஒயரிங் படம். ஈரப் போர்வைக்கு மருந்து டோன் குமிழில் சின்ன கெப்பாசிட்டர். அவர் விடுமுறைக்கு வருவதற்குள் சாமான் எல்லாம் வாங்கி டப்பாவில் தயாராக வைத்திருப்பாள். வந்த மறுநாளே கிட்டார் அவள் மேசைக்கு வந்துவிடும்.

இரண்டாவது வருடம் ஹம் பிரச்சினை. கப்பல் மேடையில் விளக்குகள் அதிகம். இரண்டு பிக்கப்பும் சமமாகத் திறந்திருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று தின்றுவிடும், ஒன்றைக் குறைத்தால் ஈ மொய்ப்பது போல உம்மென்று கேட்கும். அக்கா குமிழ்கள் இருக்கும் குழி முழுக்கச் செம்புத் தகடு ஒட்டித் தரை ஒயரோடு இணைத்தாள். நாலாவது வருடம் இரண்டு வால்யூமை நடுப் பாட்டில் சரிசெய்ய முடியவில்லை என்றார். ஒன்றை மொத்த வால்யூம் ஆக்கி, மற்றொன்றை இரண்டு பிக்கப்பையும் கலக்கிற பிளெண்ட் குமிழ் ஆக்கினாள். ஆறாவது வருடம், டிரம்ஸ் வேகமெடுக்கிற இடத்தில் நம் சத்தம் அமுங்கிப்போகிறது என்றார். அப்போதுதான் இழுக்கிற குமிழ் வந்தது. பார்க்க மற்ற குமிழ் போலவே இருக்கும். மேலே இழுத்தால் இரண்டு பிக்கப்பும் பக்கம் பக்கமாக இல்லாமல் ஒன்றன் பின் ஒன்றாக, சீரிஸில் இணையும். சத்தம் பருத்து முன்னால் வந்து நிற்கும். தனி ஸ்விட்ச் வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "நல்ல மரத்துல ஓட்டை போட எனக்கு மனசு வரல" என்றாள்.

எட்டாவது வருடம் பேட்டரி. கப்பலில் இருந்த சவுண்டு ஆள் பேட்டரியில் ஓடும் சின்ன சர்க்யூட் ஒன்றை வைக்கச் சொன்னாராம், கீழ்ச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் தனித்தனியாக ஏற்றலாம்.

"பேட்டரின்னா நடுக்கடல்ல செத்துப் போகும். அப்ப யார்கிட்ட ஓடுவீங்க?"

"மாத்து பேட்டரி வச்சுக்கறேன்."

"பாட்டுக்கு நடுவுல?"

அவர் கேட்டதை அக்கா வைத்தாள், கூடவே பேட்டரி செத்தால் சத்தம் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழியும் வைத்தாள். அதற்கு மட்டும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நகத்தளவு ஸ்விட்சுக்கு ஓட்டை போட்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் செய்தி வந்தது. கேட்டுவிட்டு அவள் என்னைக் கூப்பிட்டுக் காதில் வைத்தாள். "நேத்து நாலாவது பாட்டுல பேட்டரி போயிருச்சு. ஸ்விட்சத் தட்டினேன். ஒருத்தருக்கும் தெரியல. டிரம்ஸ்காரனுக்குக்கூடத் தெரியல. எனக்கும் உனக்கும் மட்டுந்தான் தெரியும்." அக்கா போனை வாங்கி முந்தானையில் துடைத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அன்று முழுக்க முகம் பளிச்சென்று இருந்தது.

இத்தனையும் செய்தவள் அந்தக் கிட்டாரை ஒரு மேடையில் கேட்டதே இல்லை. வீடு மூன்றாவது மாடி, சுவரெல்லாம் அட்டை மாதிரி. ஆம்ப் போட்டால் கீழ் வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவார். அதனால் அங்கே ஹெட்போன்தான். கடையில் சோதிக்க இருப்பது தொப்பி அளவு ஸ்பீக்கர். கப்பலில் இருந்து அவர் பதிவு செய்து அனுப்பியும் பார்த்தார். போனில் டிரம்ஸ் கேட்டது, பாட்டுக்காரி கேட்டாள், யாரோ கரண்டியைக் கீழே போட்ட சத்தம்கூடக் கேட்டது. பேஸ் மட்டும் கேட்கவில்லை. "ஊரே இருக்கு, நம்ம வீட்டை மட்டும் காணோம்" என்றாள் அக்கா.

ஒரே ஒரு தடவை துறைமுகத்துக்குப் போனாள். ஒரு பகலும் ஓர் இரவும் பஸ். கப்பல் மூன்று மணி நேரம்தான் நிற்கும். காவலாளி உள்ளே விடவில்லை, வாத்தியக்காரர்களின் குடும்பத்துக்கு அனுமதி கிடையாது. அவர் பளபளக்கும் கறுப்பு ஷூவோடு இறங்கி வந்தார். வேலிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தார்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "வட்ட வட்டமா அவ்வளவு ஜன்னல் இருந்துச்சு. உங்க ரூம் எதுன்னு கேட்டேன். நீ பார்க்கறது எல்லாத்துக்கும் கீழ, தண்ணிக்கு உள்ளங்கறார். வாசிக்கற இடமாவது தெரியுதான்னு கேட்டேன். அது அந்தப் பக்கமாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குப் பிறகு துறைமுகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பதினோராவது வருடம், விடுமுறை இல்லாத மாதத்தில் அவர் வந்து நின்றார். இரண்டு பெட்டி, ஒரு கிட்டார். ஐந்து பேர் வாசித்த இடத்தில் இனிமேல் பதிவு செய்த பாட்டே போதும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. அக்கா மூன்று நாள் லீவு போட்டாள். நான் அவளோடு வேலை பார்த்த காலத்தில் அவள் போட்ட நீளமான லீவு அது. திரும்பி வந்தபோது, "இனிமே எங்கயும் போகமாட்டார்" என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

அவர் எங்கேயும் போகவில்லைதான். மருந்து விநியோகிக்கும் கம்பெனியில் வேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. காலையில் அக்காவைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போவார், சாயங்காலம் ஏற்றிக்கொள்வார். கிட்டார் பெட்டியோடு அலமாரிக்கு மேலே போனது. முதல் மாதம் களைப்பு என்றார். அடுத்த மாதம் ஸ்ட்ரிங் துருப்பிடித்துவிட்டது என்றார். நான் புது ஸ்ட்ரிங் கொடுத்தனுப்பினேன். உறை பிரிக்கப்படவே இல்லை. வீட்டில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார், வேனின் கிளட்ச்சைப் பற்றிப் பேசினார். ஈரப் போர்வையும் சளி பிடித்தவனும் அந்த வீட்டுப் பேச்சில் இருந்து காணாமல் போனார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் பின்னறைக்குப் போனேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, காதில் போனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்."

"இப்பத்தானே ரோட்ல வேன் போச்சு. ஓட்டிக்கிட்டே பேசறாரா?"

"இல்லடி. இது பழசு. ஏழாவது வருஷத்தது."

அவளே சொன்னாள். "அவர் அங்க இருக்கும்போது இங்க இருந்தா தேவலைன்னு இருக்கும். இப்ப இங்க இருக்கார். அங்க இருந்தவரைத் தேடுது. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

இப்படி ஒன்றரை வருடம் போனது. எங்கள் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். வார நாளில் பல் பிடுங்குவார், சனிக்கிழமை மதியம் கிளப் ஹாலில் நண்பர்களோடு டிரம்ஸ் வாசிப்பார். அவர்களுக்கு பேஸ் வாசிக்கிறவர் ஒரு வங்கி அதிகாரி. அவருடைய கிட்டாரின் கழுத்தில் விரிசல் விழுந்து சரிசெய்ய வந்தது. ஒரு மாதம் ஆகும், அதுவரை யாராவது கிட்டார் தந்தால் நல்லது, முடிந்தால் வாசிக்கவே ஒருவர் வந்தால் இன்னும் நல்லது என்றார் டாக்டர்.

அன்று மாலை அக்கா வீட்டில் பேச்சைத் தொடங்கினாள். "நீங்க ஒரு சனிக்கிழமை போய்ப் பார்க்கலாமே."

"எனக்கு எதுக்கு அதெல்லாம்."

"எனக்காகப் போங்க. நான் ஒரு தடவையாவது கேக்கணும்."

அவர் சொன்னார்: "நீ கேக்கணும்னு ஆசைப்படறது என்னை இல்ல. உன் ஒயரிங்க."

மறுநாள் இதை அவள் என்னிடம் சொன்னாள். "சுருக்குன்னு இருந்துச்சு. இல்லன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். பாதி உண்மையா இருந்தா எப்படி இல்லன்னு சொல்றது?" அதனால் அவள் இல்லை என்று சொல்லவில்லை. "அப்ப கிட்டாரை மட்டும் குடுக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவரே ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை அவள் கிளப் ஹாலுக்குப் போனாள். வங்கி அதிகாரி வாசித்தார்; பின்வரிசையில் உட்கார்ந்து, முதன்முதலாக, தான் பற்றவைத்த கிட்டாரை ஒரு முழு ஹாலில் கேட்டாள். வீட்டுக்குப் போனபோது அவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். இத்தனை வருடம் அவர் சொல்லித்தான் பழக்கம், தான் சொல்லிப் பழக்கமில்லை. "நிறைய பேர் ஒரே சமயத்துல கதவைத் தட்டற மாதிரி" என்றாள்.

"எதையெல்லாம் தொறந்து வச்சிருந்தார்?"

"எல்லாத்தையும்."

"பிளெண்ட்?"

"நடுவுல. அதை அவர் தொடவே இல்ல."

"சீரிஸ் இழுத்தாரா?"

"அது இழுக்கற குமிழ்னே அவருக்குத் தெரியாது."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நீ சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எப்படிச் சொல்றது? எந்த இடத்துல இழுக்கணும்னு எனக்குத் தெரியாது. உள்ளே எங்க போகுதுன்னுதான் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை குமிழ்களைக் காட்டிக்கொடுக்க அவரும் கூடப் போனார். ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டு வேனைத் தள்ளி நிறுத்த வேண்டும் என்று வெளியே வந்துவிட்டார். வேன் சரியான இடத்தில்தான் நின்றிருந்தது. அதற்கு அடுத்த வாரமும் போனார். அப்போது ஒரு பாட்டு முழுக்க நின்றார். வங்கி அதிகாரி தன் கிட்டார் சரியானதும் நன்றி சொல்லி இதைத் திருப்பித் தந்தார். இரண்டு மாதத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

பல் டாக்டர் கப்பல்காரரை எப்படிக் கேட்டாரோ, என்ன சொன்னாரோ தெரியாது. ஒரு புதன்கிழமை மதியம் டாக்டரிடமிருந்து கடைக்குப் போன் வந்தது. "அக்கா, இன்னிக்கு ஒத்திகை இருக்கு. உங்க வீட்டுக்காரர் வாசிக்கறார். அவர் சொல்லியிருக்கமாட்டார்னுதான் நான் சொல்றேன்."

அவர் சொல்லியிருக்கவில்லை. அக்காவின் மேசையில் அன்று ஒரு ஆம்ப் குடல் வெளியே கிடக்கிற மாதிரி பிரிந்து கிடந்தது. மூன்று மணிக்கு எடுத்துப் போக ஆள் வரும். பாதியில் விட்டுப் போக முடியாது, வேறு யாருக்கும் அதைச் சேர்க்கத் தெரியாது. ஒரு இணைப்பை இரண்டு தடவை பிரித்துப் பற்றவைத்தாள். முடித்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் டிரம்ஸுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா" என்றார் டாக்டர், வருத்தமாக.

வீட்டுக்காரர் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன் மாட்டிக்கொண்ட மாதிரி விழித்தார். இருவரும் வேனில் ஏறினார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். அந்த ஹாலின் மரத்தரை கீழ்ச் சத்தத்தை வாங்கிக் கால் வழியாகத் திருப்பித் தருகிறது என்றார். முதல் பாட்டில் விரல் கட்டையாக இருந்தது என்றார். மூன்றாவது பாட்டில் சீரிஸ் இழுத்ததும் டாக்டர் குச்சியை நழுவவிட்டார் என்றார். "மெத்தையில இருந்து ஒரு ஆள் எழுந்து உக்காந்த மாதிரி" என்றார். சிக்னலில் பச்சை விழுந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். வீட்டு வாசலில் வேனை நிறுத்திய பிறகும் இறங்காமல் இன்னும் பத்து நிமிடம் பேசினார்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவளோடு போனேன். மூன்றாவது வரிசை. அவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. குனிந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வாசித்தார். எனக்கு விவரம் தெரியாது. ஆனால் நாற்காலியின் கால் வழியாக அந்தச் சத்தம் ஏறி வந்தது, அது அன்பாக இருந்தது. அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரே தடவை என் பக்கம் சாய்ந்து, "பிளெண்ட் குமிழ்ல லேசா கரகரப்பு இருக்கு. சுத்தம் பண்ணணும்" என்றாள்.

இப்போதும் அவர் சனிக்கிழமைகளில் வாசிக்கிறார். மற்ற நாளில் மருந்துப் பெட்டி. வீட்டில் மறுபடி ஹெட்போன் சுவரில் தொங்குகிறது. அக்காவின் நோட்டில் புதிதாகச் சில பக்கங்கள் ஏறியிருக்கின்றன.

ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன். "ஒரு வழியா கேட்டுட்டீங்க. இப்ப நிறைவா இருக்காக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. ஒரு குறையும் இல்ல" என்றாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். வேலையைத் தொடங்கியவள் நிறுத்தினாள்.

"இது இப்ப வாசிக்கறது. அப்ப வாசிச்சாரே, பதினோரு வருஷம், தினம் சாயங்காலம். அந்தக் கப்பல் ஹால்ல சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் கேட்டிருக்காங்க. யார் யாரோ. அவங்களுக்கு ஞாபகம்கூட இருக்காது." ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். "அதை நான் கேக்கவே இல்லையே."

அயர்ன் சூடாகியிருந்தது. அதன் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்துவிட்டு, முன்னால் கிடந்த மைக்கின் ஒயரை எடுத்தாள்.